பிள்ளை 'வலிக்குது' என்றதும் என்ன செய்வது: ஹீமோபிலியாவும் மூட்டுகளும்

என் இடது முட்டி முழுதாக நீளாது. நிமிர்ந்து நின்றாலும் கால் கொஞ்சம் மடங்கியேதான் இருக்கும். ஒன்பது வயதில் ஒரு ராத்திரியில் வீங்கிய முட்டி அது. பாட்டி சுளுக்கு என்றார். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி நீவிவிட்டார். மறுநாள் கட்டுக் கட்டுபவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் காலை இழுத்து, பட்டை வைத்து இறுக்கிக் கட்டினார். யாரும் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. ஆனால் ரத்தம் சரியாக உறையாத இந்த நோய்க்கு ஹீமோபிலியா என்று பெயர், அந்தச் சொல் எங்கள் வீட்டு வாசலுக்கு வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அதே முட்டியில் எத்தனை முறை ரத்தம் இறங்கியது என்று யாருக்கும் கணக்குத் தெரியாது.

இப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை பக்கங்களிலிருந்து பெற்றோர்கள் கைக்குழந்தையோடு வந்து என்னிடம் கேட்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தின் அளவையும் மாற்றத்தையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையின் முட்டியில் கை வைத்துப் பார்க்கப்போவது நீங்கள். அதற்கு இது உதவட்டும்.

மூட்டுக்குள் நடப்பது

ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் எட்டாம் ஃபேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாம் ஃபேக்டர் குறைந்தால் பி. ஃபேக்டர் இயல்பான அளவில் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையானது. 1 முதல் 5 வரை நடுத்தரம், 5 முதல் 40 வரை லேசானது. கடுமையான வகையில் அடியே படாமல் மூட்டுக்குள் ரத்தம் கசியும். பெரும்பாலும் முழங்கால், கணுக்கால், முழங்கை இந்த மூன்றில்தான்.

மூட்டைச் சுற்றி உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. உள்ளே இறங்கிய ரத்தத்தை அதுதான் உறிஞ்சிச் சுத்தம் செய்கிறது. ஆனால் ரத்தத்தில் உள்ள இரும்பு அந்தச் சவ்விலேயே தங்கிவிடும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் சவ்வு தடித்து, புதிது புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்து, தொட்டாலே கசிகிற நிலைக்கு வந்துவிடும். அப்புறம் குருத்தெலும்பு அரிக்கும். குருத்தெலும்புக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் அரித்தது திரும்ப வளராது. வளரும் பிள்ளைகளின் குருத்தெலும்பு இன்னும் சீக்கிரம் கெடும். வெளியே வலி இல்லை, வீக்கம் வடிந்துவிட்டது, பிள்ளை ஓடுகிறான் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதே உள்ளே இந்த வேலை நடந்துகொண்டிருக்கும். ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் தானாக மூன்று முறையோ அதற்கு மேலோ கசிந்தால் மருத்துவர்கள் அதை 'டார்கெட் ஜாயின்ட்' என்பார்கள். அந்த நிலைக்குப் போகவிடாமல் பிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் நோய் உறுதியாக வேண்டும்

குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு முன் வரலாறே இருக்காது. தவழும் வயதில் உடம்பெல்லாம் கன்றிப்போன நீலத் திட்டு, நடக்கத் தொடங்கியதும் ஒரு காலை ஊன்ற மறுப்பது, தடுப்பூசி போட்ட இடம் கட்டியாக வீங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஏபிடிடி என்ற உறைதல் நேரம் நீண்டிருக்கும். பிடி என்ற இன்னோர் உறைதல் நேரமும் தட்டணுக்களும் பொதுவாகச் சரியாக இருக்கும். அடுத்து எட்டு, ஒன்பது ஃபேக்டர் அளவு பார்க்க வேண்டும். எந்த வகை, எத்தனை சதவீதம் என்பது எழுத்தில் உங்கள் கையில் இருக்கட்டும். 'ரத்தம் உறையாத வியாதி' என்று மட்டும் எழுதிய சீட்டு அவசரத்தில் உதவாது.

நம் பகுதிக்கென்று ஒரு குழப்பம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அதனால் யாருக்கு முட்டி வலித்தாலும் 'போர் தண்ணி குடிச்சா இப்படித்தான்' என்று முடித்துவிடுவது நம் ஊரில் வழக்கம். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஃபுளோரைடு பாதிப்பு வருடக்கணக்கில் மெதுவாக வரும். பல்லில் பழுப்புக் கறை, முதுகு இறுகுவது, கால் வளைவது என்று பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். நேற்று நன்றாக இருந்த ஒரே ஒரு முட்டி இன்று காலை சூடாக, பளபளவென்று வீங்கி நின்றால் அது தண்ணீரின் வேலை இல்லை.

ரத்தம் இறங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது

பழகிய பிள்ளைகள் வீக்கத்துக்கு முன்பே சொல்வார்கள். என் அக்கா பேரனுக்கும் இதே நோய். ஐந்து வயதில் ஒரு நாள் களி உருண்டையைப் பாதியில் வைத்துவிட்டு, "தாத்தா, முட்டிக்குள்ள எறும்பு ஊருது" என்றான். பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. புறங்கையை முதலில் நல்ல முட்டியில் வைத்தேன், பிறகு அவன் காட்டிய முட்டியில் வைத்தேன். லேசான சூடு. குதிகாலைப் பிட்டத்தில் தொடச் சொன்னேன். நல்ல கால் தொட்டது, மற்றது நாலு விரல் முன்னால் நின்றுவிட்டது. அவ்வளவுதான் அடையாளம். அரை மணி நேரத்தில், குறைந்துபோன ஃபேக்டரை மருந்தாக நரம்பில் ஏற்றினோம். அந்த முட்டி வீங்கவே இல்லை.

குறுகுறுப்பு, உள்ளே ஏதோ நிரம்புவது போன்ற இறுக்கம், சூடு, மடக்கவோ நீட்டவோ முடியாமல் போவது, இந்த வரிசையில்தான் பெரும்பாலும் வரும். கண்ணுக்குத் தெரியும் வீக்கமும் தாங்க முடியாத வலியும் கடைசியில் வருபவை. பேசத் தெரியாத குழந்தை ஒரு கையை மட்டும் உபயோகிக்காமல் இருக்கும், தூக்கினால் அழும், ஒரு காலில் ஊன்றாது. சந்தேகம் என்றாலே ரத்தக்கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் ஒரு முறை ஃபேக்டர் போட்டதால் மூட்டு கெட்டவர் யாரும் இல்லை.

இடுப்புப் பக்கம் வலி வந்து, காலை நீட்ட முடியாமல் பிள்ளை தொடையை மடக்கியே வைத்திருந்தால் அது மூட்டில் இல்லாமல் இடுப்புத் தசைக்குள் இறங்கும் ரத்தமாக இருக்கலாம். வலது பக்கம் என்றால் குடல்வால் வலி என்று நினைக்கத் தோன்றும். அங்கே நிறைய ரத்தம் தேங்க இடம் உண்டு. வீட்டில் சமாளிக்கப் பார்க்காமல் உடனே கிளம்புங்கள். தலையில் அடி பட்டாலும் அப்படித்தான், முதலில் ஃபேக்டர், அதற்குப் பிறகுதான் ஸ்கேன்.

முதல் இரண்டு மணி நேரம்

ஃபேக்டரை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுக் கணக்கை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் புதிதாகப் பணிக்கு வந்த ஒருவர் இரவுப் பணியில் இருக்கலாம். எட்டாம் ஃபேக்டர் கிலோவுக்கு 1 யூனிட் கொடுத்தால் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். 20 கிலோ பிள்ளைக்கு 40 சதவீதம் ஏற்ற வேண்டுமானால் 20ஐ 40ஆல் பெருக்கி, அதில் பாதி, 400 யூனிட். ஒன்பதாம் ஃபேக்டர் கிலோவுக்கு 1 யூனிட்டுக்கு சுமார் 1 சதவீதம்தான் ஏறும். அதே பிள்ளைக்கு அது 800 யூனிட். குப்பியில் மிச்சம் இருப்பதைக் கொட்டாமல் முழுக் குப்பியாகக் கொடுப்பதுதான் வழக்கம். எட்டாம் ஃபேக்டரின் பாதி அளவு 8 முதல் 12 மணி நேரத்தில் போய்விடும். ஒன்பதாவது 18 முதல் 24 மணி நேரம் தாங்கும். அதனால் ஒரு டோஸோடு முடிந்துவிட்டதா, இன்னொன்று வேண்டுமா என்று கேட்டுவிட்டே வீட்டுக்கு வாருங்கள்.

அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தொப்பூர் தாண்டினால் சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிளம்பும் முன் போன் பண்ணி இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு முறை ஓர் இடத்தில் எனக்கு மருந்து தீர்ந்துபோய், இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது விடிந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் கணுக்கால் பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை.

அஞ்செட்டி மலைப்பக்கத்திலோ பென்னாகரம் தாண்டியோ இருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் பேருந்துக்கே போய்விடும். இவர்கள் வீட்டிலேயே ஏற்றப் பழகுவதுதான் ஒரே வழி. வீட்டுக்கு மருந்து தருவார்களா, ஏற்றக் கற்றுக்கொடுப்பார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கற்றுக்கொள்வது முடியாத காரியம் இல்லை. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு அம்மா மூன்றே வாரத்தில் மகனின் புறங்கை நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறியதைப் பார்த்திருக்கிறேன். குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வைத்தால் வீணாகிவிடும். கலக்கும் முன் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். தண்ணீர் விட்டதும் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டுங்கள். ஏற்றி முடித்து ஊசியை எடுத்ததும் ஐந்து நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். குப்பியின் மேலுள்ள ஸ்டிக்கரைக் கிழித்து நோட்டில் ஒட்டுங்கள்.

ஏற்றியதும் அந்த மூட்டுக்கு ஓய்வு. கால் என்றால் ஊன்றக் கூடாது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள், நேராகத் தோலில் வைக்க வேண்டாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். ஆனால் முட்டிக்கு அடியில் மட்டும் தலையணையைச் சொருகி நாள்கணக்கில் விடாதீர்கள். இதமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். என் முட்டி கெட்டதில் பாதி அப்படித்தான்.

செய்யக் கூடாதவற்றை வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாகப் பாட்டிகளுக்கு, சொல்லி வையுங்கள். எண்ணெய் போட்டு நீவக் கூடாது. சுளுக்கு எடுக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் கூடாது. இடுப்பிலோ புஜத்திலோ சதையில் போடும் வலி ஊசி கூடவே கூடாது. ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் ரத்தம் உறைவதை இன்னும் கெடுக்கும். வலிக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம். மருந்துக்கடையில் 'மூட்டு வலிக்கு மாத்திரை' என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள், பெரும்பாலும் நமக்கு ஆகாத இந்த மாத்திரைகளில் ஒன்றுதான் கிடைக்கும்.

வலி குறையத் தொடங்கியதும் படுத்தே கிடக்கவிடாதீர்கள். காலை நீட்டி வைத்து, முட்டியால் பாயை அழுத்துவது போலத் தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். மூட்டு அசையாமலேயே சதைக்கு வேலை கிடைக்கும். சதை இளைத்தால் அடுத்த ரத்தக்கசிவு சீக்கிரம் வரும்.

வலி எல்லாம் ரத்தக்கசிவு இல்லை

வயது ஏற ஏற இது பெரிய சிக்கலாகும். ரத்தம் இறங்கினால் சில மணி நேரத்தில் வலி ஏறும், சும்மா இருந்தாலும் வலிக்கும், ஃபேக்டர் போட்டதும் பெரும்பாலும் அன்றைக்கே தணியும். ஏற்கெனவே தேய்ந்த மூட்டின் வலி வேறு மாதிரி. காலையில் எழுந்ததும் விறைப்பு, முதல் பத்து அடி கஷ்டம், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும், சாயந்திரம் திரும்ப வலிக்கும். இதற்கு ஃபேக்டர் ஏற்றினாலும் வலி குறையாது.

மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் ஏமாற்றும். மூட்டு பஞ்சு போல மெத்தென்று வீங்கியே இருக்கும், வலி அதிகம் இருக்காது, மடக்க நீட்டவும் முடியும். ஃபேக்டர் போட்டாலும் வீக்கம் சீக்கிரம் வடியாது. சவ்வு தடித்த நிலை அது. பிள்ளை விளையாடிக்கொண்டே இருப்பதால் வீட்டில் கவனிக்க மாட்டார்கள். கையால் தொட்டுப் பார்த்து இவற்றைப் பிரிப்பதில் அனுபவம் உள்ளவர்கள்கூடத் தவறுவது உண்டு. அல்ட்ராசவுண்ட் வைத்தால் உள்ளே இருப்பது ரத்தமா, தடித்த சவ்வா என்று தெரிந்துவிடும். கதிர்வீச்சு இல்லை, பிள்ளையை மயக்க வேண்டியதும் இல்லை. கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இது.

காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அது அன்றைக்கே மருத்துவமனை பார்க்க வேண்டிய விஷயம். சரியான அளவு ஃபேக்டர் ஏற்றியும் ரத்தக்கசிவு அடங்கவில்லை என்றால் இன்ஹிபிட்டர் பரிசோதனை கேளுங்கள். உடம்பு வெளியிலிருந்து வரும் ஃபேக்டரை எதிரி என்று நினைத்து அழித்துவிடுவது அது. கடுமையான ஏ வகையில் பத்தில் மூன்று பேருக்கு வரலாம். பெரும்பாலும் முதல் ஐம்பது முறை மருந்து ஏற்றுவதற்குள் வந்துவிடும். அவர்களுக்கு வேறு மருந்து வேண்டும்.

மூட்டை அளந்து வைப்பது

பிள்ளை நன்றாக இருக்கும் ஒரு நாளில் தையல் டேப்பை எடுங்கள். முட்டிச் சில்லுக்கு நடுவே சுற்றளவு எடுங்கள். அதற்கு மேலே நான்கு விரல் தள்ளித் தொடையின் சுற்றளவையும் எடுங்கள். இரண்டு காலிலும் எடுத்துத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். தரையில் காலை நீட்டி உட்காரவைத்து, முட்டி முழுதாக நீள்கிறதா, இல்லை அதற்குக் கீழே உங்கள் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். முழங்கையை நீட்டச் சொல்லி இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் முழுதும் தரையில் படக் குத்தவைத்து உட்கார முடிகிறதா என்றும் பாருங்கள். குதிகால் தூக்கினால் கணுக்கால் இறுகுகிறது. மாதம் ஒரு முறை போதும். முட்டி அளவு ஏறி, தொடை அளவு இறங்கினால் பிள்ளை ஒன்றும் சொல்லாவிட்டாலும் மருத்துவரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் இதையே முறையாகச் செய்வார். ஹெச்ஜேஹெச்எஸ் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய ஆறு மூட்டுகளுக்கும் தலா 20, நடைக்கு 4, மொத்தம் 124. இதில் பூஜ்யம்தான் நல்ல மதிப்பெண். வருடத்துக்கு ஒரு முறையாவது எடுத்து, போன வருடத்து எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் சேதம் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை மூட்டு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எம்ஆர்ஐ தொடக்கநிலைச் சேதத்தையே காட்டும், ஆனால் செலவு அதிகம், சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கமும் தேவைப்படும்.

வராமலே தடுப்பது

ரத்தம் இறங்கிய பிறகு ஓடுவதைவிட, இறங்காமலிருக்க முன்கூட்டியே மருந்து கொடுப்பதுதான் மூட்டைக் காக்கும். ஸ்வீடனில் 1958இலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முன்தடுப்பாக ஃபேக்டர் பெற்ற பிள்ளைகளில் 93 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் மூட்டுகள் எம்ஆர்ஐயில் சரியாக இருந்தன. ரத்தம் இறங்கிய பிறகே மருந்து பெற்றவர்களில் அது 55 சதவீதம்தான். மூன்று வயதுக்குள், பெரிய சேதம் வருமுன் தொடங்க வேண்டும். முழு அளவு கிடைக்காத இடங்களில் கிலோவுக்கு 10 யூனிட் வீதம் வாரம் இரண்டு முறை கொடுத்தாலும் கசிவு நன்றாகக் குறைகிறது. 'குறைவாகத்தான் தருவார்கள் என்றால் ஒன்றுமே வேண்டாம்' என்று விட்டுவிடாதீர்கள்.

ஏ வகைக்கு எமிசிசுமாப் என்ற மருந்தும் இருக்கிறது. நரம்பைத் தேட வேண்டாம், தோலுக்கடியில் போடலாம். வாரம் ஒன்றோ, இரண்டு வாரத்துக்கு ஒன்றோ, நான்கு வாரத்துக்கு ஒன்றோ போட்டால் போதும். இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கும் வேலை செய்யும். ஆனால் இறங்கிக்கொண்டிருக்கும் ரத்தத்தை இது நிறுத்தாது, அதற்குத் தனி மருந்துதான். இதைப் போட்டுக்கொள்பவருக்கு ஏபிடிடி சரியாக இருப்பது போலக் காட்டும், அதை நம்பக் கூடாது என்பதையும் புது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நடை, சைக்கிள், நீச்சல் எல்லாம் நல்லது. கபடி வேண்டாம், கிணற்று மேட்டிலிருந்து குதிப்பது வேண்டாம், எருது விடும் விழாக் கூட்டத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பதும் வேண்டாம். பள்ளியில் முட்டி போடவைக்கக் கூடாது, தோப்புக்கரணம் கூடாது என்று தலைமை ஆசிரியரிடம் மருத்துவர் கடிதத்தோடு நேரில் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கெட்ட மூட்டுக்கு

சவ்வு தடித்திருந்தால் சில வாரங்கள் தொடர்ந்து முன்தடுப்பு மருந்தும் பிசியோதெரபியும் முதல் வழி. அடங்காவிட்டால் மூட்டுக்குள் மருந்து செலுத்திச் சவ்வைச் சுருக்குகிறார்கள். மடங்கி இறுகிய முட்டியை மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட முடியும், அதுவும் இறுகிச் சில மாதங்களுக்குள் வந்தால்தான். முழுதும் தேய்ந்தால் பெரியவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை உண்டு. இதை ஹீமோபிலியா தெரிந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். நமக்கு எட்டும் தூரத்தில் வேலூர் சிஎம்சி இருக்கிறது, இந்தத் துறையில் நாட்டின் முன்னணி மையங்களில் ஒன்று.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஹீமோபிலியா இருக்கிறது. நடக்கிறானே, அட்டை எதற்கு என்று விடாமல் விண்ணப்பியுங்கள். சிகிச்சைக்குப் போக ரயில் கட்டணச் சலுகையும் உண்டு.

கடைசியாகக் குடும்பத்துப் பெண்கள். பிள்ளையின் அம்மா, அக்கா தங்கை, சித்தி பெரியம்மா எல்லாரும் ஃபேக்டர் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் நோயைச் சுமப்பவராக இருக்கலாம். அதனால் கலியாணத்துக்கு முன்பே மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இந்த நோய் சொந்தத்தில் கட்டுவதால் வருவது இல்லை. ஆனால் நோய் உள்ள தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணும் நோயைச் சுமப்பவராக இருந்தால் பிறக்கும் பெண் குழந்தைக்கும் ஹீமோபிலியா வரலாம். என் வீட்டில் அந்தப் பேச்சு வந்தபோது அம்மாதான் வேண்டாம் என்று நிறுத்தினார். காரணம் கேட்டு உறவே ஒரு வருடம் பேசவில்லை. பரிசோதனைச் சீட்டு கையில் இருந்திருந்தால் அந்த ஒரு வருடமும் மிச்சமாகியிருக்கும்.